பக்கவிளைவைச் சொல்லிக் கொடுப்போம், பிள்ளைகளைக் காப்போம்

(கிராமக் குழுக்களுக்கான பாடம். ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் இடையில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். கைக்குழந்தை உள்ள தாய்மாரையும், அம்மம்மா, அப்பம்மா, தாத்தாமாரையும் கட்டாயம் அழையுங்கள். தந்தையர் 'இது பெண்களின் விடயம்' என்று எழும்பிப் போகவேண்டாம்.)



இந்தப் பாடத்தை நான் விட்ட ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன்.

பார்ப்போம்

2012 ஆம் ஆண்டு வலிகாமத்தில் ஒரு நலன்புரி நிலையத்து மக்களிடையே பணியாற்றிக்கொண்டிருந்தேன். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய குடும்பங்கள் அவை. சொந்தமாகச் செம்மண் தோட்டமும் கிணறும் வைத்திருந்தவர்கள், அந்நாட்களில் பிறருடைய வெங்காயத் தோட்டங்களுக்கு நாட்கூலியாகப் போய்வந்தார்கள். ஒரு நாள் அப்பகுதிக் குடும்பநல மாது என்னிடம் வந்தார். "சுவாமி, 18 மாத ஊசிக்குப் பிள்ளைகள் வருவது குறைவு. தாய்மார் கூலிக்குப் போய்விடுகினம். பூசையில் ஒரு அறிவித்தல் சொல்லுங்கோ" என்று கேட்டார்.

நான் ஞாயிறு பூசை முடிவில் சொன்னேன்: "எல்லோரும் பிள்ளைகளுக்கு ஊசி போடுங்கள். ஒன்றும் நடக்காது. ஒரு பயமும் இல்லை."

சனம் வந்தது. ஊசியும் போட்டார்கள். அன்றிரவு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. தகப்பன் ஒரு ஓட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். இரண்டு நாளில் பிள்ளை சுகமாக வீடு திரும்பியது. நான் பார்க்கப் போனபோது அம்மம்மா வாசலில் இருந்தா. கோபமாகப் பேசவில்லை. ஆறுதலாகவே சொன்னா: "சுவாமி, நீங்கள்தானே ஒண்டும் வராது எண்டு சொன்னனீங்கள். காய்ச்சல் வரும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நாங்கள் பிள்ளையைப் போத்து மூடிப் படுக்க வைச்சிருக்கமாட்டம். நேரத்துக்குப் பனடோல் குடுத்திருப்பம்."

அடுத்த கிளினிக்குக்கு அந்த வரிசைக் கொட்டில்களிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. குடும்பநல மாது கொட்டில் கொட்டிலாக நடந்து, இருந்து கதைத்து, அந்தத் தாய்மாரைத் திரும்பக் கூட்டிவரப் பல மாதங்கள் எடுத்தன. ஊசியில் குறை ஒன்றும் இருக்கவில்லை. ஊசிக்குப் பின் காய்ச்சல் வருவது வழமை. சிறு தொகைப் பிள்ளைகளுக்கு அந்தக் காய்ச்சலோடு வலிப்பும் வரலாம் என்பது வைத்தியர்கள் நன்கு அறிந்த விடயம். அதைச் சொல்லாமல் விட்டவன் நான்.

ஏன் சொல்லாமல் விட்டேன்? சொன்னால் சனம் பயந்து வராது என்று நினைத்தேன். அதிகாரிகள், ஆசிரியர்கள், குருக்கள் என்று பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். இந்த எண்ணம் சரியா என்பதே இன்றைய பாடம்.

நீங்கள் தோட்டக்காரர். ஒரு உதாரணம் சொல்கிறேன். பயிருக்கு மருந்து வாங்கப் போகிறீர்கள். ஒரு கடைக்காரர் "ஒன்றும் செய்யாது, சும்மா அடியுங்கோ" என்கிறார். மற்றவர் "காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதையுங்கோ, வாயை மூடிக் கட்டுங்கோ, தலை சுற்றினால் உடனே நிறுத்திப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்கிறார். அடுத்த போகத்துக்கு எந்தக் கடைக்குப் போவீர்கள்? ஆபத்தைச் சொன்ன மனிதரைத்தான் நாம் நம்புகிறோம்.

ஆராய்வோம்: எது வழமை, எது ஆபத்து?

முதலில் தடுப்பூசி ஏன் என்பதைச் சுருக்கமாக நினைவுபடுத்துவோம். இலங்கையில் கடைசியாகப் போலியோ நோய் காணப்பட்ட ஆண்டு 1993. குக்கல், தொண்டைக்கரப்பன், ஏற்புவலி ஆகியவற்றால் பிள்ளைகளைப் பறிகொடுத்த கதைகளை எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்றைய இளந்தாய்மார் அந்த நோய்களைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் நோய் முற்றாகத் தொலைந்துவிடவில்லை. 2019 இல் சின்னமுத்து ஒழிந்த நாடு என்று பெயர் பெற்ற இலங்கையில் 2023 இல் அது மீண்டும் பரவியது. நெருக்கமாக வாழும் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் சின்னமுத்து மிக வேகமாகப் பரவும்.

இனி, ஊசிக்குப் பின் என்ன வரலாம் என்று பார்ப்போம்.

பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி: சில கிழமைகளின் பின் போட்ட இடத்தில் சிறு கட்டி வந்து, புண்ணாகி, வடுவாக மாறும். இது வழமை. எண்ணெய், மஞ்சள், பச்சிலை ஒன்றும் பூசவேண்டாம்.

2, 4, 6 மாதங்களில் போடும் ஐங்கூட்டு ஊசி: ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு நாட்களில் காய்ச்சல், சிணுக்கம், போட்ட இடத்தில் வீக்கம், நோ வரலாம். இவை தாமாக மாறும். நூறு பிள்ளைகளில் ஒன்று வரையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழலாம். ஆயிரம், இரண்டாயிரம் ஊசிகளுக்கு ஒரு தடவை, பிள்ளை திடீரெனத் துவண்டு, வெளிறி, கூப்பிட்டாலும் அசையாமல் கிடக்கும் நிலை வரலாம். பார்க்கப் பயமாக இருக்கும். பெரும்பாலும் பிள்ளை முழுமையாகத் தேறிவிடும். ஆனாலும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். 18 மாத ஊசிக்குப் பின்னும் காய்ச்சலும் நோவும் வரலாம்.

9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி: இதன் காய்ச்சலும் மெல்லிய தோற்சிவப்பும் அன்றே வருவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு நாட்களின் பின்பே வரும். அதனால் தாய்மார் இதை ஊசியோடு சேர்த்து நினைப்பதில்லை. ஏறக்குறைய மூவாயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு இந்தக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். இதற்கு எதிரே நோயையும் வைத்துப் பாருங்கள். சின்னமுத்து வந்த ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு மூளை அழற்சி ஏற்படுகிறது.

எந்த ஊசிக்கும்: ஏறக்குறைய பத்து இலட்சத்தில் ஒருவருக்கு, போட்டுச் சில நிமிடங்களில் கடும் ஒவ்வாமை வரலாம். முகம் வீங்கும், மூச்சு முட்டும், உடம்பு தடித்துச் சிவக்கும், மயக்கம் வரும். உடனே மருந்து கொடுத்தால் உயிரைக் காக்கலாம். ஊசி போட்டபின் குறைந்தது 20 நிமிடம் கிளினிக்கிலேயே இருக்கச் சொல்வது இதற்காகத்தான். தோட்டத்து வேலை நினைவில் உடனே எழும்பி ஓடவேண்டாம்.

காகமும் பனம்பழமும்

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். காகம் வந்திருந்தது, பழமும் விழுந்தது, அதனால் காகம்தான் விழுத்தியது என்று சொல்லிவிட முடியாது. கைக்குழந்தைகளுக்கு ஊசி இல்லாமலேயே காய்ச்சல் வருகிறது, நோய் வருகிறது, சில வேளை மரணமும் வருகிறது. அது ஊசிக்கு அடுத்த நாள் நடந்தால் ஊசியில் பழி விழும். அதே வேளை, பழுத்துத் தொங்கிய பழத்தைக் காகமே விழுத்தியும் இருக்கலாம். எதுவென்று மரத்தடியில் நின்று சண்டை பிடித்து அறிய முடியாது. விசாரித்துத்தான் அறியவேண்டும். விசாரித்தபின் கண்டதைச் சனத்துக்குச் சொல்லவும் வேண்டும்.

எமது நாட்டில் நடந்த ஒன்றைப் பாருங்கள். 2008 ஜனவரியில் ஐங்கூட்டுத் தடுப்பூசி இலங்கையில் அறிமுகமானது. முதல் மூன்று மாதங்களுள் ஊசி பெற்றபின் 4 குழந்தைகள் இறந்ததாகவும், 24 குழந்தைகள் துவண்டு அசைவற்றுப் போனதாகச் சந்தேகிக்கப்படுவதாகவும் முறைப்பாடுகள் வந்தன. முன்னெச்சரிக்கையாக அந்தத் தொகுதி மருந்து நிறுத்தப்பட்டது. அடுத்த தொகுதியிலும் ஒரு மரணம் நேரவே, ஐங்கூட்டு ஊசியே நிறுத்தப்பட்டு, பழைய முக்கூட்டு ஊசியும் ஈரல் அழற்சி ஊசியும் தனித்தனியே கொடுக்கப்பட்டன. பிள்ளைகளின் பாதுகாப்பு இடைநடுவில் கைவிடப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு நிபுணர் குழு ஒன்று ஒவ்வொரு சம்பவமாக ஆராய்ந்தது. 2010 இல் ஊசி மீண்டும் கொடுக்கப்பட்டது. மரணங்களை நிபுணர்கள் வகைப்படுத்திய முறை பற்றிப் பிற்காலத்தில் இந்திய வைத்தியர்கள் சிலர் கேள்வி எழுப்பினார்கள். அப்படிக் கேட்பதும் நல்லதே. கேள்விக்கு விடை சொல்லப்படும் இடத்தில்தான் நம்பிக்கை வளரும்.

அந்நாட்களில் குடாநாடு எப்படி இருந்தது? 2006 ஓகஸ்டில் மூடப்பட்ட ஏ-9 பாதை திறக்கப்படவில்லை. செய்தி எங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் வந்தது. 'ஊசி போட்டுப் பிள்ளை செத்ததாம்' என்ற அரைச்செய்தி வந்து சேரும். 'நிறுத்தி ஆராய்கிறார்கள், வேறு ஊசி தருகிறார்கள்' என்ற மறுபாதி வந்து சேராது. அரைச்செய்தி செய்யும் கேட்டைப் போரில் வாழ்ந்த நமக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த நாட்களிலும் இதையே கண்டோம். ஒரு அறிக்கை பயமில்லை என்றது, வேறு ஆய்வுகள் எண்ணெய் இருக்கிறது என்றன. நடுவில் சனம் கிணற்றையும் நம்பவில்லை, அறிக்கையையும் நம்பவில்லை.

கொவிட் காலத்தை எடுத்துக்கொள்வோம். 2021 ஏப்ரல் 21 ஆம் திகதி அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பாராளுமன்றத்தில், அஸ்ட்ராசெனிகா ஊசி பெற்றவர்களில் 6 பேருக்கு இரத்தக்கட்டி ஏற்பட்டு, அவர்களில் 3 பேர் இறந்துள்ளதாக அறிவித்தார். அதுவரை அந்த ஊசியைப் பெற்றவர்கள் ஒன்பது இலட்சத்துக்கு மேல். இப்படிப் பகிரங்கமாகச் சொன்னதால் சனம் ஊசியை விட்டு ஓடிவிட்டதா? இல்லை. அடுத்த மாத முடிவில் யாழ்ப்பாணத்தில் சினோபாம் ஊசி போடத் தொடங்கியபோது வரிசையில் நின்றோம். ஆண்டு முடிவதற்குள் நாட்டில் வயது வந்தோரில் பெரும்பாலானோர் ஊசி பெற்றிருந்தார்கள்.

இங்கே ஒரு பாடம் உண்டு. 'மூன்று பேர் இறந்தார்கள்' என்று மட்டும் சொன்னால் அது அரைச்செய்தி. 'ஒன்பது இலட்சம் பேர் போட்டார்கள்' என்று மட்டும் சொன்னாலும் அதுவும் அரைச்செய்தி. இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இறந்த மூவரின் வீட்டாருக்கு அது மூன்று என்ற சிறு எண் அல்ல என்பதையும் மறக்கக்கூடாது.

மனிதப் பிழையும் உண்டு

சில வேளை மருந்து நல்லதாக இருக்கும், கையாளும் முறை பிழைக்கும். 2014 செப்ரெம்பரில் சிரியாவின் இட்லிப் பகுதியில் சின்னமுத்து ஊசி பெற்ற 15 குழந்தைகள் இறந்தார்கள். தூள் மருந்தைக் கரைக்கும் திரவத்துக்குப் பதிலாக, சத்திரசிகிச்சையில் தசையைத் தளர்த்தப் பயன்படும் மருந்து தவறுதலாகக் கலக்கப்பட்டதே காரணம் எனக் கண்டறியப்பட்டது. எங்களைப்போலப் போரால் அலைக்கழிக்கப்பட்ட மக்களுக்கே அந்தத் துயரம் நேர்ந்தது. பிழையைக் கண்டு வெளியே சொன்னபடியால், எங்கே தவறியது என்பது மற்ற நாடுகளின் ஊழியர்களுக்கும் எச்சரிக்கையாயிற்று. மறைத்திருந்தால் அதே பிழை இன்னொரு முகாமில் நடந்திருக்கும்.

நாம் சொல்லும் தகவல் எங்கே போகிறது?

தடுப்பூசிக்குப் பின்னான பாதகங்களைக் கண்காணிக்கும் ஒழுங்கு இலங்கையில் 1996 இல் தொடங்கியது. நாம் தென்மராட்சியிலிருந்து வலிகாமத்துக்குத் திரும்பிவந்த அதே ஆண்டு. நீங்கள் குடும்பநல மாதுவிடம் சொல்வதை அவர் பதிவேட்டில் எழுதுகிறார். அது சுகாதார வைத்திய அதிகாரியிடம் (எம்.ஓ.எச்.) போகிறது. அவர் மாதந்தோறும் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்கு அறிக்கை அனுப்புகிறார். ஒரு மாதத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்றாலும் 'ஒன்றும் இல்லை' என்று அனுப்பவேண்டும். பாரதூரமான சம்பவம் என்றால் உடனே அறிவித்துத் தனியாக விசாரிக்கவேண்டும். ஒரே தொகுதி மருந்தில் பல இடங்களில் ஒரேவிதமான பாதகம் வந்தால் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்தச் சங்கிலியின் முதல் வளையம் தாய். அவர் சொல்லாவிட்டால் கொழும்பில் எவருக்கும் தெரியாது. இடம்பெயர்ந்த குடும்பங்களில் இந்த வளையம் எளிதில் அறுந்துபோகிறது. ஊசி போட்டது ஓரிடம், காய்ச்சல் வந்தபோது இருப்பது வேறிடம். புதிய இடத்துக் குடும்பநல மாதுவின் பதிவில் பிள்ளையின் பெயரே இருக்காது. உறவினர் வீட்டில் ஒதுங்கியிருக்கும் குடும்பத்தை எவரும் தேடி வருவதும் இல்லை.

சங்கிலியின் மறுமுனையிலும் குறை உண்டு. கீழிருந்து மேலே போன தகவல் திரும்பிக் கீழே வருவது குறைவு. தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கை ஆங்கிலத்தில் வெளிவருகிறது. தன் பிள்ளையின் காய்ச்சலைச் சொன்ன தாய்க்கு, அதிலிருந்து என்ன தெரியவந்தது என்று தமிழில் சொல்ல ஆள் வேண்டும். இதைக் கேட்பது எங்கள் உரிமை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இதற்கு இடம் தருகிறது.

விசுவாச ஒளியில்

தாம் பிரிந்து போகுமுன் இயேசு சீடர்களுக்கு வரப்போகும் துன்பங்களை மறைக்கவில்லை என்பதை யோவான் நற்செய்தியின் 16 ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். துன்பம் வரும்போது அவர்கள் தடுமாறி நம்பிக்கை இழக்காதிருக்கவே முன்கூட்டிச் சொன்னார். பயமுறுத்துவதற்காக அல்ல, தாங்கும் பலத்தைக் கொடுப்பதற்காகச் சொன்னார். அன்று பூசையில் நான் இதைச் செய்யத் தவறினேன்.

திருத்தந்தை 23 ஆம் அருளப்பர் 1963 இல் எழுதிய 'அவனியில் அமைதி' சுற்றுமடலில், பொது விடயங்கள் பற்றி உண்மையான தகவலைப் பெறுவது மனிதருக்குரிய உரிமைகளில் ஒன்று என்று படிப்பித்தார். நிவாரண அட்டையில் பெயர் உள்ளவர், நாட்கூலிக்குப் போகிறவர், எழுத வாசிக்கத் தெரியாதவர் எவருக்கும் இந்த உரிமை குறைந்ததல்ல.

செயற்படுவோம்

ஊசிக்கு முன்:
1. கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள். இடம் மாறினால் உடுப்புக்கு முன் அதை எடுத்து வையுங்கள். தொலைந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.
2. 'இது என்ன ஊசி? என்ன வரலாம்? எத்தனை நாளில் வரும்? எப்போது பயப்படவேண்டும்?' என்ற நான்கையும் கேளுங்கள்.
3. முன்னைய ஊசிக்கு வலிப்பு, துவளல், கடும் ஒவ்வாமை வந்திருந்தால் ஊசி போடுமுன் வைத்தியரிடம் சொல்லுங்கள். அடுத்த ஊசி பற்றி அவர் தீர்மானிப்பார். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மறைத்துப் போடுவிக்கவும் வேண்டாம்.

ஊசிக்குப் பின்:
4. 20 நிமிடம் இருந்து போங்கள்.
5. காய்ச்சல் வந்தால் மெல்லிய உடுப்புப் போடுங்கள், அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள். பரசிற்றமோல் பாணியைப் பிள்ளையின் நிறைக்கேற்ப வைத்தியரோ குடும்பநல மாதுவோ சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். போத்து மூடவேண்டாம்.
6. வலிப்பு, துவளல், மூச்சு முட்டல், மூன்று மணி நேரத்துக்கு மேல் அழுகை, பால் குடிக்க மறுத்தல், இறங்காத காய்ச்சல் என்றால் இரவு பகல் பாராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். 'சுவசெரிய' இலவச அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். நாம் வீடு விட்டு எழும்பிய ஆண்டே அந்த இலக்கம். மறக்கமாட்டீர்கள்.
7. சுகமாகிவிட்டாலும் நடந்ததைக் குடும்பநல மாதுவிடம் சொல்லி, எழுதிக்கொண்டாரா என்று பாருங்கள்.

கிராமக் குழுவாக:
8. அண்மையில் வந்து குடியேறிய குடும்பங்களில் எந்தப் பிள்ளை பதிவில் இல்லை என்று பார்த்துக் குடும்பநல மாதுவுக்கு அறிவியுங்கள்.
9. ஆண்டுக்கு ஒரு தடவையாவது சுகாதார வைத்திய அதிகாரியைக் கூட்டத்துக்கு அழைத்து, எமது பகுதியில் ஊசிக்குப் பின் என்னென்ன பாதகங்கள் பதிவாகின என்று தமிழில் விளக்கும்படி கேளுங்கள்.
10. கைத்தொலைபேசியில் வரும் குரற்பதிவை மற்றவருக்கு அனுப்புமுன், எங்கே, எப்போது, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். விடை இல்லாவிட்டால் அனுப்பாதீர்கள்.

கலந்துரையாடக் கேள்விகள்

1. உங்கள் பிள்ளைக்கு ஊசி போட்டபோது என்ன வரலாம் என்று எவராவது சொன்னார்களா? சொன்னது உதவியதா?
2. ஊசிக்குப் பின் வந்த ஒரு பாதகத்தை நீங்கள் எவரிடமும் சொல்லாமல் விட்டதுண்டா? ஏன்?
3. அந்த அம்மம்மாவின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?
4. மேலே சொன்ன பத்தில், அடுத்த கூட்டத்துக்கு முன் எமது குழு செய்யக்கூடிய இரண்டு எவை? பொறுப்பெடுப்பவர் யார்?

அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்து பாடசாலைக்குப் போகிறது. அம்மம்மா இன்னும் பூசைக்கு வருகிறா. ஊசி பற்றிய அறிவித்தல் சொல்லும் நாட்களில் நான் அவவின் முகத்தைப் பார்த்துவிட்டே தொடங்குகிறேன்: "ஊசி போடுங்கள். காய்ச்சல் வரலாம். வந்தால் செய்யவேண்டியது இது." முழுவதையும் சொல்ல ஐந்து நிமிடம் கூடுதலாக எடுக்கிறது. அதற்காகக் கிளினிக்கில் பிள்ளைகள் குறையவில்லை.